சென்னையில் தனி ஆளுக்கு ஒரு சமையலறை: முதலில் தெரு, அப்புறம் பாத்திரம்

சென்னைக்கு வேலைக்கு வந்து முதல்முறையாகத் தனி போர்ஷன் எடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கிய அந்த வார ஞாயிற்றுக்கிழமையே தி.நகர் போய், ஊரில் அம்மாவின் சமையலறையில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். 2 லிட்டர் கிரைண்டர், பதினாறு குழி இட்லிப் பானை, ஐந்து லிட்டர் குக்கர். திருவல்லிக்கேணியில் எட்டடிக்கு ஆறடிச் சமையலறை. கிரைண்டரை வைத்த பிறகு காய் நறுக்க மேடையில் இடமில்லை. எதிர்ச்சாரியிலேயே ஒரு அம்மா தினமும் மாலை நாலரை மணிக்குப் புது மாவு விற்கிறார் என்பது மூன்றாவது வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியைக் கடையிலிருந்து ஆரம்பிக்காமல் தெருவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் தெரு நன்றாகச் செய்து தருவதை வீட்டில் செய்யப் பாத்திரம் வாங்க வேண்டாம். தெருவில் கிடைக்காததற்கும், கிடைத்தாலும் தினமும் சாப்பிட முடியாததற்கும் மட்டும் வாங்குங்கள். சென்னை மாதிரி ஊரில் இந்த ஒரு கணக்கு பணத்தையும் இடத்தையும் ஒருசேர மிச்சப்படுத்தும்.

முதல் படி: ஒரு வாரம் எதுவும் வாங்காதீர்கள்

குடியேறிய முதல் வாரம் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தண்ணீர்க் கேன் போதும். காலை ஏழு மணி, மதியம் ஒரு மணி, மாலை நாலு மணி, இரவு எட்டரை என நாலு நேரமும் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிட தூரம் நடந்து பாருங்கள். ஒரே தெரு நாலு நேரத்தில் நாலு தெருவாக இருக்கும். காலையில் சைக்கிளில் இடியாப்பம் வரும். மாலையில் பூட்டிய கடை வாசலில் பஜ்ஜிச் சட்டி ஏறும். இரவில் தள்ளுவண்டியில் ஆப்பமும் இட்லியும் போடுவார்கள். இதையெல்லாம் போனில் ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன கிடைக்கிறது, எந்த நேரம், எந்த நாள் விடுமுறை. விடுமுறை நாள் முக்கியம். பல மெஸ்கள் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைப்பதில்லை. நீங்கள் வீட்டில் நிதானமாகச் சமைக்க முடிகிற நாளும் அதுவே என்பது ஒரு நல்ல பொருத்தம்.

பேட்டைக்குப் பேட்டை கணக்கு மாறும். மயிலாப்பூரில் இருக்கிறீர்கள் என்றால் காலை டிபனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ராயர் மெஸ், கற்பகாம்பாள் மெஸ், ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் இட்லியும் கொடுக்கும் ஜன்னல் கடை எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அங்கே இட்லிப் பானை வாங்குவது இரண்டாம்பட்சம். திருவல்லிக்கேணியில், மேன்ஷன் எனப்படும் விடுதி அறைகளில் தங்குபவர்களுக்காகவே வளர்ந்த மெஸ்கள் உண்டு. அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால், மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பேட்டை எப்படிப் பழகியிருக்கிறது என்று புரியும். 1948 முதல் இருக்கும் ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் முங்கவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். சௌகார்பேட்டையில் சப்பாத்தி, கச்சோரி வகைகளும் நெய் ஊத்தப்பமும் தாராளம். அங்கிருப்பவர் சப்பாத்திக்கட்டை வாங்கும் முன் இரண்டு முறை யோசிக்கலாம். பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ஞோவும் மாலையில் கிடைக்கும். அதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தத் தள்ளுவண்டிக்காரரின் கை வேகம் நமக்கு வராது.

ராயபுரம், காசிமேடு பக்கம் வீடு என்றால் கதை தலைகீழ். துறைமுகத்திலிருந்து வந்த மீன் காலையிலேயே கைக்குக் கிடைக்கும் இடத்தில் இருந்துகொண்டு ஹோட்டலில் மீன் குழம்பு வாங்குவது அநியாயம். முதலில் ஒரு மண்சட்டி வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, விலை ஏறும். அந்த இரண்டு மாதம் சட்டியில் வத்தக்குழம்பு வையுங்கள், அதுவும் அருமையாக வரும்.

இரண்டாம் படி: உங்கள் மெஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்

ஊர் முழுக்கப் பெயர் பெற்ற கடை என்பது மாதத்துக்கு ஒருமுறை போகிற இடம். வாராவாரம் சாப்பிட உங்களுக்கு வேண்டியது, நடந்து போகிற தூரத்தில் பெயர்ப்பலகைகூட மங்கிப்போன ஒரு மெஸ். அதைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது மூன்றே விஷயம்.

முதலாவது ரசம். சாம்பாரை எப்படியும் ஒப்பேற்றிவிடலாம், ரசத்தில் முடியாது. காலையில் வைத்ததைத் திரும்பத் திரும்பச் சுடவைத்தால் மிளகும் புளியும் கசந்து நாக்கில் நிற்கும். அடுத்தது பொரியல். திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள் தொடர்ந்து போங்கள். மூன்று நாளும் ஒரே கோஸ் என்றால் வேறு இடம் பாருங்கள். மூன்றாவதாக, யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்துக் கடை ஊழியர்கள், கூரியர் பையன்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் தினமும் வந்தால் அந்த இடம் வயிற்றைக் கெடுக்காது. தினமும் வருகிறவர்களை ஏமாற்றிக்கொண்டு யாராலும் மெஸ் நடத்த முடியாது.

பிடித்துவிட்டது என்றால் மாதக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். அளவுச் சாப்பாடு பார்சலில் வாங்கினால் பல இடங்களில் சாதம் இரண்டு வேளைக்குக் காணும். குழம்பு, ரசம், பொரியலை மட்டும் தனியாகக் கொடுக்கிற மெஸ்களும் உண்டு. சாதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு குழம்பை மட்டும் வாங்குவது தனி ஆளுக்கு மிகவும் கட்டுப்படியாகும். மாதக் கடைசியில் கை இறுகினால், 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது. 1 ரூபாய் இட்லியோடு ஆரம்பித்த இடம். அங்கே போகத் தயங்க வேண்டியதே இல்லை.

மூன்றாம் படி: தூக்கு வாங்குங்கள்

எல்லோரும் கடைசியில் நினைக்கும் இந்தப் பாத்திரத்தை நான் முதலில் வாங்கச் சொல்வேன். மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் தூக்கு இரண்டு: ஒன்று ஒரு லிட்டர், இன்னொன்று அரை லிட்டர். கூடவே மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும், கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவரில் கட்டித் தருவது நிற்கவில்லை. தூக்கை நீட்டினால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. கவரில் என்றால் அளந்து கட்டுவார்கள். தூக்கில் என்றால் கரண்டியால் ஊற்றிவிட்டு, பாத்திரத்தில் இடம் இருப்பதைப் பார்த்து இன்னொரு அரைக் கரண்டி ஊற்றுவார்கள். என் மெஸ்காரர் பத்து வருஷமாக அந்த அரைக் கரண்டியை விட்டதில்லை.

மாவு வாங்கவும் இதே தூக்குதான். ஆனால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சென்னை வெயிலில் மாலை வாங்கிய மாவு இரவு பத்து மணிக்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். வாங்கும்போது “இன்னைக்கு ஆட்டினதா அக்கா?” என்று கேளுங்கள். அன்று ஆட்டியது என்றால் வெளியே வைத்துப் புளிக்க விட்டு, பொங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காய ஊத்தப்பம். நாலாம் நாள் மிச்சமிருந்தால் கடுகு தாளித்துப் பணியாரம். ஒரு கிலோ மாவில் ஒரு ஆளின் நாலு இரவு தீர்ந்தது. இதற்காகத்தான் கிரைண்டர் வேண்டாம் என்கிறேன். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. குடும்பத்துக்கு அது அவசியம். ஆனால் அதில் கொஞ்சமாகப் போட்டால் அரிசி கல்லில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தனி ஆளுக்குத் தேவையான அளவு அதற்குப் பற்றாது.

நாலாம் படி: அடுப்பு

இங்கே வீட்டின் ஒயரிங்தான் முடிவு செய்யும். இண்டக்ஷன் அடுப்பு பெரும்பாலும் 2000 வாட். முழு வேகத்தில் 9 ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும். சுவரில் சின்ன 5 ஆம்ப்ஸ் பிளக் மட்டும் இருந்தால் அதில் மாட்டாதீர்கள், பிளக் உருகும். பெரிய துளையுள்ள 15 ஆம்ப்ஸ் பவர் பிளக் சமையலறையில் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள். 2000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள். பாத்திரம் இண்டக்ஷனுக்குச் சேருமா என்று அறிய, அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் சேரும். அலுமினியம், பித்தளை, மண்சட்டி சேராது.

கேஸ் என்றால், முழு இணைப்புக்கு முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். அது கைக்கு வராத வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். அதற்கு அடையாள அட்டை இருந்தால் போதும், முகவரிச் சான்று வேண்டியதில்லை. தனி ஆளுக்கு 14.2 கிலோ சிலிண்டர் பல மாதம் வரும் என்பதால் சின்னதே போதும் என்று பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். தெருமுனையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதில் நிரப்பித் தருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

அடுப்பு மேடைமேல், சிலிண்டர் கீழே நிமிர்ந்து நிற்க வேண்டும். ட்யூப் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபாக இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்கு அழையுங்கள். ஃபேனைப் போட்டு வாடையை விரட்டலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

என் தேர்வு கேஸ். காரணம் தோசைக்கல். அதற்கு வருகிறேன்.

ஐந்தாம் படி: குக்கர்

தனி ஆளுக்கும் இரண்டு பேருக்கும் 3 லிட்டர். ஐந்து லிட்டரில் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே அடுக்க இரண்டு சின்னப் பாத்திரம் சேர்த்து வாங்குங்கள். அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர், கீழ்ப் பாத்திரத்தில் அரை டம்ளர் துவரம்பருப்பும் அது மூழ்கத் தண்ணீரும், மேலே ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். ஒரே அடுப்பில் சாதமும் பருப்பும் ஒன்றாக வெந்துவிடும். புழுங்கலரிசி என்றால் இன்னும் அரை டம்ளர் கூட்டுங்கள்.

வெயிட் போட்ட குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. அந்த 20 டிகிரி கூடுதல்தான் பருப்பை இருபது நிமிடத்துக்குள் குழைக்கிறது. அதனால் முதலில் ஆவி நேராக வரட்டும், பிறகு வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். விசில் எண்ணிக்கையை விடச் சிறு தீயில் எத்தனை நிமிடம் நின்றது என்பதே கணக்கு. விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கட் தளர்ந்திருக்கும். கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் அன்றைய சமையல் முடியும். மறுநாள் புதுசு வாங்கிவிடுங்கள். மூடியிலுள்ள சேஃப்டி வால்வு உருகிப் போனால் அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும்.

பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவில்லை என்று குக்கரைக் குறை சொல்பவர்கள் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் கடினமானது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, விதைவிதையாக நிற்கும். பருப்புக்கும் காபிக்கும் கேன் தண்ணீர் அல்லது குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிந்தால் சாம்பாருக்குக் கரைத்த புளிச் சக்கையால் தேய்த்தாலே போய்விடும்.

ஆறாம் படி: தோசைக்கல்லைப் பழக்குவது

தெருவில் தோசை கிடைக்கும். ஆனால் கல்லிலிருந்து தட்டுக்கு வந்த அரை நிமிடத்தில் சாப்பிடும் தோசை பார்சலில் வராது. அதனால் இந்த ஒன்றை மட்டும் வீட்டில் வையுங்கள் என்று வற்புறுத்துவேன். நான்ஸ்டிக் வேண்டாம், பூச்சு உரிந்ததும் தூக்கிப்போட வேண்டியதுதான். வார்ப்பிரும்புக் கல், பத்து அங்குலம், ஒரு தோசை சுட அளவாக இருக்கும்.

புதுக் கல்லைக் கழுவி, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி மூன்று நாள். முதல் நாள் தண்ணீர் கன்னங்கரேல் என்று வரும், மூன்றாம் நாள் தெளியும். பிறகு துடைத்துச் சிறு தீயில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, லேசாகப் புகை வரும்வரை வைத்து அணையுங்கள். ஆறியதும் துணியால் துடைத்துத் திரும்பவும் எண்ணெய். நாலைந்து நாள் இப்படிச் செய்தால் கல் சாம்பல் நிறத்திலிருந்து கறுத்துப் பளபளக்க ஆரம்பிக்கும். அதன் பிறகும் நேராகத் தோசை ஊற்றாதீர்கள். நாலு வெங்காயத்தை நறுக்கிப் போட்டு எண்ணெய் விட்டுக் கருகும்வரை வதக்கி எடுத்துக் கொட்டிவிடுங்கள். முதலில் தடித்த ஊத்தப்பம் இரண்டு. அது ஒட்டாமல் திரும்பினால் தோசைக்குக் கல் தயார்.

ஒவ்வொரு முறையும் கல் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று ஓடி மறைந்தால் சூடு கூட. தீயைக் குறைத்து, பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேயுங்கள். மாவை ஊற்றி நடுவிலிருந்து இழுக்கும்போது கரண்டியை அழுத்த வேண்டாம். சோப்பு போடாதீர்கள், சப்பாத்தியை இதில் சுடாதீர்கள். சப்பாத்தி சுட்ட கல்லில் மறுநாள் தோசை ஒட்டும். இண்டக்ஷனிலும் இரும்பு சூடாகும்தான், ஆனால் கல்லின் நடு மட்டும் காய்ந்து ஓரம் வெளுத்துப் போகும். கேஸ்தான் என் தேர்வு என்று சொன்னது இதனால்தான்.

ஏழாம் படி: மிச்சமுள்ளவை, எங்கே வாங்குவது

மிக்ஸி 500 வாட் போதும். சட்னிக்கும் பொடிக்கும் சின்ன ஜார்தான் தினமும் ஓடும், அது நல்லதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இரும்பு வாணலி, ஒரு பால் பாத்திரம், இரண்டு கரண்டி, ஒரு தாளிப்புக் கரண்டி, நல்ல கத்தி ஒன்று. காபி குடிப்பவர் என்றால் இருவர் அளவு ஃபில்டர். பொடியை பாக்கெட்டில் வாங்காமல், கண்முன் அரைத்துத் தரும் காபிக் கடையில் கால் கிலோவாக வாங்குங்கள். 80க்கு 20 சிக்கரி என்று சொன்னால் போதும்.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு தி.நகர் சரியான இடம். ரத்னா ஸ்டோர்ஸ், சரவணா ஸ்டோர்ஸ் இரண்டிலும் பாத்திரத்துக்கென்றே மாடிகள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதம் போகாதீர்கள், ரங்கநாதன் தெருவில் கால் வைக்க முடியாது. பாரிமுனை, பூக்கடைப் பக்கத் தெருக்களில் எடைக்குத் தருவார்கள். கையில் தூக்கிப் பாருங்கள், அடி கனமாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கனம் இல்லாத பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கும். பெயர் வெட்டித் தருவீர்களா என்று கேளுங்கள். கடைக்காரர் ஊசி மெஷினை எடுத்து விர்ரென்று எழுதிக் கொடுப்பார். மெஸ்ஸில் உங்கள் தூக்கு வேறொருவர் கைக்குப் போகாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எட்டாம் படி: வாரத்தை ஓட்டுவது

என் வாரம் இப்படிப் போகிறது. வேலை நாட்களில் காபி வீட்டில், காலை டிபன் தெருவில். மதியம் அலுவலகத்துக்கு வீட்டில் வைத்த சாதத்தில் தயிர் சாதமோ எலுமிச்சை சாதமோ கேரியரில் போகும். இரவு நாலு நாள் மாவு, ஒரு நாள் மெஸ் குழம்போடு வீட்டுச் சாதம். சனிக்கிழமை இரவு தெருவில் ஏதாவது. ஞாயிறு மெஸ் கிடையாது, அன்று குக்கர், வாணலி எல்லாம் இறங்கும்.

மூன்று மாதம் கழித்து அலமாரியைத் திறந்து பாருங்கள். தூசி படிந்திருப்பதை ஊருக்கு அனுப்புங்கள் அல்லது புதிதாகக் குடிவரும் நண்பருக்குக் கொடுங்கள். என் கிரைண்டர் அப்படித்தான் மூன்று பேர் உள்ள ஒரு வீட்டுக்குப் போனது, இப்போதும் ஓடுகிறது.

அந்த இடத்தில் ஆசைக்கு ஒன்று வாங்கலாம் என்றால் ஈயச் சொம்பு வாங்குங்கள். மெஸ் ரசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈயச் சொம்பு ரசத்தின் மணம் வேறு. அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். காரீயம் கலந்ததை விற்கிறவர்களும் உண்டு என்பதால் பழகிய கடையில் மட்டும் வாங்குங்கள். முதலில் புளித்தண்ணீரை ஊற்றி, அப்புறம்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெறும் சொம்பை ஒரு நிமிடம்கூடத் தீயில் வைக்கக் கூடாது. நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிடுங்கள், தாளிப்பை வாணலியில் செய்து மேலே கொட்டுங்கள்.